புகைக்குச் சான்றிதழ் உண்டு, பிறேக்கிற்கு?

இலங்கையில் சொந்தக் கார் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கடதாசிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று காப்புறுதிப் பத்திரம். மற்றையது புகைப் பரிசோதனைச் சான்றிதழ். இவ்விரண்டும் இருந்தால் பிரதேச செயலகத்திலோ இணையவழியிலோ வருமான அனுமதிப் பத்திரம் கிடைத்துவிடும். அதை முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டால் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு அந்தக் கார் தெருவில் ஓடத் தகுதியானது என்று நம்மவர் கருதுகின்றனர். அந்த நம்பிக்கை தவறானது. வன்னிப் பெருநிலப்பரப்பில் ஓடும் பழைய சிறிய கார்களை எடுத்துக்கொண்டால் அது எவ்வளவு ஆபத்தானது என்பதும் விளங்கும்.

மாருதி 800 ஐயே உதாரணமாகக் கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 சிசி இயந்திரம், 12 அங்குலச் சில்லுகள். இந்தியாவில் இதன் முதல் கார் 1983 டிசெம்பரில் கையளிக்கப்பட்டது; 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ காணப்படும் மிக இளைய மாருதி 800 கூடப் பத்து வயதைத் தாண்டியதுதான். இவை ஓய்வு பெறாமைக்குக் காரணம் உரிமையாளரின் கஞ்சத்தனமல்ல. புதிய வாகனங்கள் மீதான வரி நடுத்தரக் குடும்பத்தின் எட்டாத உயரத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார் மேலும் பழையதாகியது. அதன் விலையோ ஏறியது.

இந்தப் பழைய கார் ஆண்டுப் பரிசோதனையில் எப்படித் தேறுகிறது? புகைப் பரிசோதனைத் திட்டம் 2008 இல் ஆரம்பிக்கப்பட்டது. பெற்றோல் காராயின், புகைக்குழாயினுள் ஒரு கருவியைச் செருகி, இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதும் வேகமாகச் சுழலும்போதும் வெளிவரும் காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபன்களையும் அளக்கிறார்கள். காபரேற்றர் பொருத்திய பழைய இயந்திரத்திற்கு இது எளிதான சோதனையல்ல. வன்னியின் செம்மண் புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிட்டால் கலவையில் பெற்றோல் மிகுந்து காபன் மொனொக்சைட் கூடும். பிளக் சரியாகப் பற்றாவிட்டால் எரியாத பெற்றோல் ஐதரோகாபனாக வெளியேறும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெயும் சேர்ந்து எரியும்.

ஆனாலும் பெரும்பாலும் தேறிவிடலாம். கராஜுக்குப் போய் வடிகட்டியையும் பிளக்குகளையும் மாற்றி, காபரேற்றரின் திருகாணியைச் சற்றுத் திருப்பிக் கலவையைக் குறைத்துக்கொண்டால் போதும். சான்றிதழ் கிடைத்த பின்னர், இழுவை போதவில்லை என்று அதே திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்புவோரும் உண்டு. இருந்தபோதிலும் நான் இந்தச் சோதனையைப் பழிக்கவில்லை. காரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மெக்கானிக்கின் கையில் ஒப்படைக்க அது வழிசெய்கிறது. என் முறைப்பாடு வேறு. அந்தக் கருவி புகைக்குழாயைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை.

பிறேக் எண்ணெய் கசிகிறதா, பிறேக் குழாயின் றப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்ரியறிங் மூட்டுகள் ஆடுகின்றனவா, ரயரில் கோடு மிஞ்சியிருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா, முல்லைத்தீவுக் கடற்காற்றில் அடித்தகடு துருப்பிடித்து உதிர்கிறதா என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அந்தச் சான்றிதழில் விடை இல்லை. பிறேக்கே பிடிக்காத கார், புகை சுத்தமாக இருந்தால் சித்தியடைந்துவிடும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் இயந்திரத் தகுதிச் சான்றிதழ் தனியாக வேண்டும். சொந்தக் காருக்கு அது கேட்கப்படுவதில்லை. பொலிஸார் வழியில் மறித்துக் குறை கண்டால் உண்டு. விபத்து நடந்தபின் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்த்தால் உண்டு. பிந்தியது, நோயாளி இறந்த பிறகு வைத்தியரை அழைப்பது போன்றது.

“அந்தக் காலத்தில் இதைவிட மோசமான கார்களில் ஓடவில்லையா?” என்று வன்னியில் யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காமல், மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ-40 களும் மண்ணெண்ணெயில் ஓடியதை அங்கு சென்றுவந்த செய்தியாளர் எவரும் அறிவர். காபரேற்றரினுள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளும். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. இன்றைய புகைக் கருவியின் முன் அவற்றில் ஒன்றும் தேறியிராது. ஆனால் நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தவை அவைதான். உதிரிப்பாகம் இல்லாத காலத்தில் அவற்றை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்குகளின் திறமையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அன்றைய தெருவை மறந்துவிடக் கூடாது. குண்டும் குழியுமாகக் கிடந்த பாதையில் சைக்கிளை முந்துவதே பெரிய வேகம். போருக்குப் பின்னர் ஏ-9 வீதி காப்பெற் வீதியாகிவிட்டது. அதே வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கின்றன. அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காய்கிறது. பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் இருளில் முன்னே போகிறது. மாரியில் வெள்ளம் வீதியைக் கடந்து பாய்கிறது. நீரில் நனைந்த ட்ரம் பிறேக் காயும்வரை சரியாகப் பிடிக்காது என்பது எந்தச் சாரதிக்கும் தெரியும். வீதி இளமையாகிவிட்டது, கார் முதுமையாகிவிட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடே உயிரைக் குடிக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு இதில் புதுமை இருக்காது. பிரித்தானியாவில் எம்.ஓ.ரி. பரிசோதனை 1960 இல் தொடங்கியபோது, பத்து வயதுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே அது விதிக்கப்பட்டது. பார்க்கப்பட்டவை பிறேக், விளக்குகள், ஸ்ரியறிங் ஆகியன. தோல்வியுற்ற வாகனங்களின் தொகை அதிகமாக இருந்ததனால், அடுத்த ஆண்டிலேயே வயதெல்லை ஏழாகக் குறைக்கப்பட்டது. 1967 இல் மூன்றாயிற்று. இன்று பரிசோதகர் சித்தி, தோல்வி என்பதோடு நிற்பதில்லை. “இந்த ரயர் விரைவில் மாற்றப்பட வேண்டும்” என்று ஆலோசனையும் எழுதித் தருகிறார். வாகன இலக்கத்தைக் கொடுத்தால் அதன் பரிசோதனை வரலாற்றை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஜேர்மனியில் பழைய காருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை சோதனை. யப்பானிலும் முதல் மூன்றாண்டுகளுக்குப் பின் ஈராண்டுக்கு ஒன்று. அந்த யப்பானிய கார் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிப் பதிவானபின், சொந்தக் காராக ஓடும் காலமெல்லாம் அதன் பிறேக்கை எந்த ஆண்டுப் பரிசோதனையும் கேட்பதில்லை.

விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் சாரதிகளே, வாகனமல்ல என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். வீதி விபத்துகளில் இந்நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். மோட்டார் சைக்கிள்காரரும் பாதசாரிகளுமே அதில் பெரும்பகுதி. ஆயினும் தவறிழைத்த சாரதிக்கும் குறுக்கே வந்த பிள்ளைக்கும் இடையில் கடைசியாக நிற்பது பிறேக் ஒன்றுதான். இன்னொரு தடை ஏழைகளின் முதுகில் விழுமே என்ற கவலையும், பரிசோதனை வந்தால் கையூட்டும் வருமே என்ற அச்சமும் எனக்கும் உண்டு.

ஆகவே பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. புகைப் பரிசோதனைக்காக ஆண்டுதோறும் கார் எப்படியும் ஒரு நிலையத்துக்கு வருகிறது. அங்கேயே பிறேக், ஸ்ரியறிங், ரயர், விளக்கு ஆகிய நான்கையும் பார்க்கட்டும். பிரித்தானியா தொடங்கியதுபோலப் பத்து வயதுக்கு மேற்பட்ட வாகனங்களில் தொடங்கட்டும். முதலிரு ஆண்டுகளில் எவரையும் தோற்கடிக்காமல் குறைகளை எழுதிக் கொடுக்கட்டும். அதன்பின் பிறேக்கிலும் ஸ்ரியறிங்கிலும் மட்டும் கண்டிப்புக் காட்டட்டும். பதிவுகள் எவரும் பார்க்கக்கூடியதாக வாகன இலக்கத்தின் கீழ் இருந்தால் கையூட்டுக்கு இடம் குறையும். பழைய கார் வாங்குவோரும் ஏமாறமாட்டார்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற இடங்களுக்கு நடமாடும் பரிசோதனை செல்லட்டும். புதிய கார் வாங்க முடியாதபடி வரி விதிக்கும் அரசுக்கு, பழைய காரைப் பாதுகாப்பாக வைத்திருக்க உதவும் கடமையும் உண்டு.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. எம்.ஓ.ரி. முடிந்த காரை லண்டனில் வீட்டு வாசலை விட்டு எடுக்காதவர்கள், திருவிழாவுக்கு ஊர் வரும்போது விமான நிலையத்திலிருந்து இரவோடிரவாக வன்னி நோக்கிப் புறப்படும் வாகனத்தின் ரயரைக் குனிந்து பார்ப்பதில்லை. ஊரிலுள்ள தம்பிக்கு ஒரு பழைய கார் வாங்க உதவுகிறீர்கள், நல்லது. அதனோடு நான்கு ரயர்களுக்கும் பிறேக் வேலைக்கும் பணம் அனுப்புங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை புகைப் பரிசோதனைக்காகக் கராஜுக்குப் போகும்போது, நான்கு சில்லுகளையும் கழற்றிப் பிறேக்கைப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய கடதாசி பொலிஸாரை நிறுத்தும், காரை நிறுத்தாது.