மகன் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா?

மாண்புமிகு தமிழ்நாடு செய்தித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திரைப்பட விருதுகளும், சிறுமுதலீட்டுப் படங்களுக்கான மானியமும் உங்கள் துறையின் பொறுப்பில் இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் திரையில் வயதானவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். நகைச்சுவைக் காட்சியில் திட்டு வாங்க ஒரு பாட்டி வருகிறார். அவருடைய பொக்கை வாயும் கேளாத காதும் சிரிப்புக்குப் பயன்படுகின்றன. தொடர்களிலோ, மருமகளுக்குக் குழி பறிக்கும் மாமியார். இல்லையென்றால், பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு மூலையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மா. கேலிக்கு ஆளானாலும் சரி, தெய்வமாகக் கும்பிடப்பட்டாலும் சரி, அவர்களுக்கென்று ஓர் ஆசையோ கோபமோ உரிமையோ இருப்பதாகக் காட்டுவது அரிது.

பெற்றோரைக் கைவிடும் கதைகளையும் நிறையப் பார்த்துவிட்டோம். கடைசிக் காட்சியில் மகன் திருந்துவான், காலில் விழுவான், அரங்கமே கண்கலங்கும். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் பிள்ளை திருந்தும்வரை பொறுத்திரு என்பதே அந்தக் கதைகள் பெற்றவர்களுக்குச் சொல்லும் பாடம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிழைக்க வழியில்லாத பெற்றோர் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பிள்ளைகளிடம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய 23ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. தம் பொறுப்பில் உள்ள முதியவரைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். ஆனால், 'வெளியே சொன்னால் பிள்ளைக்குக் கேவலம்' என்று வாய்மூடிக் கிடக்கும் தாய்க்கு, மனு எழுதும் ஒரு தாயைத் திரையில் யார் காட்டினார்கள்?

வேறு மாதிரி எடுக்க நம்மவர்களுக்குத் தெரியும். 'சந்தியா ராகம்' படத்தில் இயக்குநர் பாலு மகேந்திரா, சொக்கலிங்க பாகவதர் என்ற முதியவரையே நடுநாயகமாக வைத்தார். 2022இல் வந்த 'கடைசி விவசாயி'யில் இயக்குநர் மணிகண்டன், நல்லாண்டி என்ற முதிய விவசாயியையே நடிக்கவைத்தார். பொய் வழக்கில் நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அந்தப் பெரியவரின் கவலையெல்லாம் தண்ணீரில்லாமல் காயும் பயிரைப் பற்றியதுதான். இரக்கம் கேட்டு நிற்கிறவர் அல்ல அவர். வேலை பாதியில் நிற்கிற மனிதர். மறைந்த பிறகு நல்லாண்டிக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டு கிடைத்தது.

2031இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்பது அரசுக் கணிப்பு. இத்தனை பேரைக் கேலிக்கும் கண்ணீருக்கும் மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

நான் தணிக்கை கேட்கவில்லை. மூன்று காரியங்களைக் கேட்கிறேன். மானியத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முதியவர்களை முழு மனிதர்களாகக் காட்டும் கதைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். திரைப்பட, சின்னத்திரை விருதுகளில் மூத்த நடிகர்களின் முதன்மை வேடங்களுக்குத் தனி விருது வையுங்கள். தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கும் முறையையும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் விளக்கும் குறும்படம் ஒன்றை உங்கள் துறையே எடுத்துத் திரையரங்குகளுக்கு அனுப்பட்டும். மகன் திருந்தாவிட்டாலும் தனக்கு நியாயம் உண்டு என்பதை ஒவ்வொரு தாயும் தகப்பனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கையுடன்,
ஒரு பார்வையாளர்