கடற்கரை விடுமுறைக்குத் தரங்கம்பாடி



கோடை விடுமுறை என்றாலே ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புவோர், பிள்ளைகளோடு ஒருமுறை தரங்கம்பாடியில் தங்கிப் பார்க்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-இல் இங்கே வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு, அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கோட்டைக்கருகில் மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அதன் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. கடலரிப்பு என்றால் என்ன என்று என் பேரன் அங்கேதான் கேட்டான், கையில் பாதி தின்ற சுண்டல் பொட்டலத்தோடு. பாடப்புத்தகம் இதைச் செய்திருக்காது!

வடக்கே போனால் திருக்கடையூர். இன்னும் தள்ளி, கண்ணகி கதையைச் சிற்பங்களாகச் சொல்லும் பூம்புகார் கலைக்கூடம். எல்லாம் ஒருநாள் அலைச்சல்தான். ஆனால் சொந்தக் கார் இல்லாதவர்களுக்கு வாடகை வண்டிச் செலவு கையைக் கடிக்கிறது. விடுமுறை நாள்களிலாவது மூன்று ஊர்களையும் இணைத்து, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் சிற்றுந்து ஒன்றை இயக்க அரசு முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், மயிலாடுதுறை