வேலியில் ஒரு ஜூஸ் கடை!



தாகம் எடுத்தால், கடைக்கு ஓடி பாட்டில் ஜூஸ் வாங்குகிறீர்கள் தானே? ஊட்டி, குன்னூர் தாத்தா, பாட்டிகளுக்குச் சின்ன வயதில் வீட்டு வேலிதான் ஜூஸ் கடை!

தாட்பூட் பழம் தெரியுமா? தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொடி அது. வேலியில் படர்ந்து காய்க்கும். பழத்தை வெட்டி, கூழை வழித்து, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து வடிகட்டினால் கமகம ஜூஸ் ரெடி!

இன்னொன்று, தவிட்டுப்பழம். மலைப் புதர்களில் ஊதா நிறத்தில் பழுக்கும். பள்ளி விட்டு வரும் வழியில் தின்றால், நாக்கே காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் பொய் சொல்ல முடியாது!

இன்று அந்தப் புதர்கள் குறைந்துவிட்டன. தேயிலைத் தோட்டங்களும், கட்டடங்களும் பெருகின. உண்ணிச்செடி போன்ற களைகள் மிச்ச இடத்தைப் பிடித்தன. பெயர் தெரியாத செடியை வெட்டினால், யாருக்கும் வருத்தம் வராது. அதுதான் பெரிய ஆபத்து, குட்டீஸ்!

மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சியைக் கண்டு மகிழுங்கள். கூடவே, 'சின்ன வயதில் என்ன பழம் பறித்துத் தின்றீர்கள்?' என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு, நோட்டில் எழுதுங்கள். பெரியவர்கள் காட்டாத காட்டுப்பழத்தை மட்டும் வாயில் வைக்காதீர்கள். முடிந்தால், அந்தச் செடியில் ஒன்றை நட்டு வளருங்கள். நாளை உங்கள் பேரன், பேத்தியின் நாக்கும் ஊதாவாகட்டும்!

அன்புடன்,
ஆசிரியர்