பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன்...

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. புதியது வாங்கியாயிற்று, மூலையில் கிடக்கும் பழையதை என்ன செய்வது?

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1990-களில் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் யூனிகோடில் செய்யவில்லை. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அப்போது கைகொடுத்தன. திஸ்கி, டாப் எனக் குறியாக்கங்களும் பல. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்த இயங்குதளத்தில் தமிழ் யூனிகோடுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முந்திய ஆலய உபயதாரர் பட்டியலையோ தோட்டப்பள்ளி மலரையோ புதுக் கணினியில் திறந்தால், தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அதற்குரிய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் குப்பை என்று அழித்துவிட்டால், துண்டாடப்பட்ட தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கான ஒரே பதிவும் போய்விடக்கூடும்.

எனவே, பழைய கணினி புதியதன் பக்கத்திலேயே இருக்கட்டும். இணையத்தோடு மட்டும் இணைக்க வேண்டாம். கோப்புகளை நகலெடுக்கும்போது எழுத்துருவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். யூனிகோடுக்கு மாற்றித்தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய திரை வேண்டும். இருபது ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம் என்பதால், இந்த வேலையை அடுத்த ஆண்டுக் கூட்டம் வரை தள்ளிப்போடுவதற்கில்லை.