வீடு கட்டிக் குடுத்தாச்சே, இன்னும் என்ன?

நம்ம விம்கோ நகர் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினா கடைசி ஸ்டாப்புல இறங்கலாம். அந்த ஊர்ல ஈழத்தமிழர் முகாம் இருக்குங்கிறது இங்க பல பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்றது இதுதான்: "சண்டை 2009லயே முடிஞ்சுபோச்சு. இப்ப இருக்கற பசங்க இங்கயே பொறந்ததுங்க, குண்டுச் சத்தமே கேட்டதில்ல. அதுங்களுக்கு என்ன மனப் பிரச்சனை?"

குண்டு மட்டும்தான் மனசை உடைக்கும்னு யாருங்க சொன்னது? நௌரு தீவைப் பாருங்க. ஆஸ்திரேலியா அங்க அனுப்பி வெச்ச அகதிக் குழந்தைங்க மேல யாரும் குண்டு போடல. 'எப்ப விடுவாங்க'ன்னே தெரியாம வருஷக்கணக்கா இருந்ததுல சோறு தண்ணி வேணாம்னு சுருண்டு படுத்துச்சுங்க. அங்க மனநல சிகிச்சை குடுத்துட்டிருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை நௌரு அரசு 2018 அக்டோபர்ல வெளியேத்திடுச்சு.

நம்ம முகாம் நௌரு இல்ல, ஒத்துக்கறேன். பள்ளிக்கூடம் உண்டு, ரேஷன் உண்டு, மாசப் பணம் உண்டு. 2021ல முதல்வரா இருந்த ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிச்சார், 'அகதிகள் முகாம்' பேரையும் 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினார். நல்ல காரியம்தான். ஆனா பேர் மாறினா நிலைமை மாறிடுமா?

1987 ஜூலைக்கு அப்புறம், இந்தியாவுல பொறந்துட்டா மட்டும் குடியுரிமை கிடையாது. அதனால தாத்தா அகதி, அப்பா அகதி, பேரனும் அகதி! 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கைக்கு இடம் இல்ல. 'எவ்ளோ படிச்சாலும் கடைசில பெயிண்ட் அடிக்கத்தானே போகணும்'னு ஒரு பையன் பத்தாவதுலயே முடிவு பண்ணிட்டா, அது சோம்பேறித்தனமா? இல்ல, நாம குடுத்த நோயா?

'நாம 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்தே போடலையே'ன்னு சிலர் சட்டம் பேசுவாங்க. 1992ல குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏத்துக்கிட்டோமே, அதுக்கு என்ன பதில்? அதோட 22வது பிரிவு அகதிக் குழந்தையைப் பத்தினதுதான் சாமி.

'14416 ஹெல்ப்லைன் இருக்கே'ன்னு சொல்லாதீங்க. பத்துக்குப் பத்து வீட்ல, பேசறது பக்கத்து வீட்டுக்கே கேக்கற இடத்துல, பதினாலு வயசுப் பொண்ணு போன்ல மனசு விட்டுப் பேசுமா? வாரம் ஒரு நாளாவது முகாமுக்கு மனநல ஆலோசகர் நேர்ல வரணும். பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்கும் இதுல பயிற்சி குடுக்கணும்.

அதுவும் பாதி மருந்துதான். 'நீ எந்த ஊரு'ன்னு கேட்டா அந்தப் புள்ள தயங்காம 'கும்மிடிப்பூண்டி'ன்னு சொல்லணும். மீதி மருந்து குடியுரிமைதான், அதைக் குடுக்க வேண்டியது டெல்லி. கேட்டு வாங்கிக் குடுக்க வேண்டியது ஓட்டுப் போடற நாம.