பால்சோற்றில் நாய் வளராது

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால் முதலில் அடுப்பேறுவது பால்தான். குட்டிக்கு எத்தனை வாரம், அதுவரை எதைத் தின்றது என்று விசாரிக்கும் முன்பே கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்துவிடுவார்கள். மறுநாள் அதில் சோற்றைப் பிசைவார்கள். குட்டி நக்கித் துடைக்கும், வயிறு உப்பும், "நல்லா சாப்பிடுது" என்று வீடே மகிழும். நாய்க்குட்டிக்குப் பாலும் சோறும் போதும், கொழுகொழுவென்று இருந்தால் ஆரோக்கியம் என்ற இந்த நம்பிக்கை அன்பிலிருந்து பிறந்தது. அதனாலேயே அதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. குட்டிகளுக்கு அது செய்யும் கேடு பெரிது.

பாலிலிருந்து தொடங்குகிறேன். தாய்நாயின் பாலில் புரதம் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம், கொழுப்பு 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பசும்பாலில் இரண்டுமே 3 முதல் 4 சதவீதம்தான். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் அதிகம். அதாவது குட்டிக்கு வேண்டியது பாதியாகவும், தாங்க முடியாதது கூடுதலாகவும் கிடைக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் நாட்களில் லாக்டோஸைச் செரிக்க வைக்கும் நொதி, பால் மறக்க மறக்கக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். எல்லாக் குட்டிக்கும் இப்படி ஆவதில்லை. கொஞ்சம் பாலைத் தாங்குகிற நாய்கள் நிறைய உண்டு, தயிர் இன்னும் எளிதாக ஒத்துக்கொள்ளும். ஆனால் தாங்குவது வேறு, அதில் வளர்வது வேறு. இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் "பால் ஒத்துக்கலை போல" என்று இரண்டு நாள் பார்ப்போம் என்பார்கள். பார்வோ வைரஸ் குட்டியைக் கொண்டுபோக அந்த இரண்டு நாளே போதும்.

அளவுக்கு வருவோம். ஐந்து கிலோ எடையுள்ள இரண்டு மாத லேப்ரடார் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி தேவை. ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டரில் 300 கலோரிகூட முழுதாகத் தேறாது. பாலை மட்டுமே நம்பினால் அந்தச் சிறு வயிற்றுக்குள் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் போக வேண்டும். நம் வீடுகளில் அதற்குச் சரிபாதி தண்ணீரும் கலக்கிறோம். சோற்றைச் சேர்த்தால் கலோரிக் கணக்கு சரியாகிவிடும். புரதக் கணக்கு சரியாகாது. நீரை நீக்கிப் பார்த்தால் அரிசியில் புரதம் 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. வளரும் குட்டியின் உணவில் குறைந்தது 22.5 சதவீதம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீவனத் தர வரையறை. சோறு விஷம் என்று சொல்லவில்லை. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நகல்கள் பல மடங்கு இருப்பதை 2013இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து நாய் சோறு தின்னப் பழகியது உண்மை. ஆனால் சோறு வயிற்றை நிரப்பும். தசையையும் எலும்பையும் கட்டுவதற்கு அது போதாது.

இதைச் சொன்னதும் ஒரு பதில் தவறாமல் வரும்: "எங்க தாத்தா வீட்டு நாய் பழைய சோறு தின்னே பன்னெண்டு வருஷம் இருந்துச்சு." அந்த நாய் பழைய சோற்றை மட்டும் தின்னவில்லை. வயல் எலியைப் பிடித்தது. கிடாய் வெட்டிய இடத்தில் குடலைத் தின்றது. கோழி அறுத்த குப்பையைக் கிளறியது, மாடு போட்ட நஞ்சுக்கொடியை இழுத்துக்கொண்டு ஓடியது. தாத்தா போட்ட சோறு அதன் உணவில் ஒரு பங்கு மட்டுமே. மீதியைத் தேடிக்கொள்ள அதற்கு ஊரே இருந்தது. அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் கதவைச் சாத்தி வளர்க்கும் குட்டிக்கு உங்கள் கிண்ணம்தான் உலகம். அதில் நீங்கள் போடாதது அதற்கு எங்கிருந்தும் கிடைக்காது. இன்னொன்றும் இருக்கிறது. தாத்தா வீட்டு நாயோடு ஒரே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகள் என்ன ஆயின என்று யாருக்கும் நினைவில்லை. பிழைத்த ஒன்றை வைத்துத்தான் பால்சோற்றுக்குச் சாட்சி சொல்கிறோம்.

கறி போட்டால் நாய் கடிக்கப் பழகும் என்ற பயமும் இந்தக் கிண்ணத்தைக் காவல் காக்கிறது. கடிப்பது பயத்தாலும் வலியாலும், குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழக்காததாலும் வருவது. வேகவைத்த கோழிக்கறி யாரையும் கடிக்கச் சொல்லாது. சைவ வீடுகள் முட்டையையாவது அனுமதிக்க வேண்டும். அதுவும் முடியாது என்றால், முழுமையாகக் கணக்கிட்டுத் தயாரித்த உணவைத்தான் தர வேண்டும். தயிர்சாதம் அதற்கு ஈடாகாது. தேநீர்க் கடைப் பொறையையும் பிஸ்கட்டையும் பற்றிப் பேசவே தேவையில்லை: அவை மைதாவும் சர்க்கரையும்தான்.

அடுத்தது கொழுகொழு. உருண்டு திரண்ட குட்டியைப் பார்த்தால் கை பரபரக்கிறது, புரிகிறது. ஆனால் கை கால் மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் உள்ளே புழு இருக்கக்கூடும். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றும், தாய்ப்பால் வழியாகவும் வரும். குடற்புழு மருந்தைப் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே கொடுக்கத் தொடங்குவது அதனால்தான். வயிறு மட்டுமல்லாமல் உடம்பே பருமனாக இருந்தால் அது வேறு சிக்கல். 2002இல் வெளிவந்த ஒரு நீண்ட ஆய்வில் 48 லேப்ரடார் நாய்களை எட்டு வார வயதிலிருந்து இணை இணையாக வளர்த்தார்கள். ஒன்று தின்றதில் கால் பங்கைக் குறைத்து அதன் இணைக்குக் கொடுத்தார்கள். நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாகத் தின்றவற்றுக்கு 13. இடுப்பு மூட்டுக் கோளாறும் மெலிந்தவற்றில் குறைவு. நாய் உணவு விற்கும் நிறுவனமான பியூரினாவே நடத்திய ஆய்வு இது. குறைத்துப் போடுங்கள் என்று அவர்கள் சொன்னால் நம்பலாம்.

"ஆனா அது கேட்குதே" என்பார்கள். லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். அவை எவ்வளவு தின்றாலும் கேட்கும். குட்டியின் கண்ணைப் பார்த்து அளவு போடாதீர்கள். விலாவைத் தடவிப் பாருங்கள்: அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான நாட்டு நாய்களை வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். அவர்களிடம் போய் "சோறே போடறதில்லையா" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும்.

கால்சியம் டானிக் இன்னொரு தொல்லை. பெரிய இன நாய்களை வளர்ப்பவர்கள் பாலோடு இதையும் ஊற்றுகிறார்கள், எலும்பு உறுதிப்படுமாம். இளங்குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு வளர்ச்சி குலைந்தது. வெறும் கறியும் சோறும் போட்டு வளர்க்கும் குட்டிக்குக் கால்சியம் குறைவதும் உண்மைதான். அதன் எலும்பு வலுவிழந்து கால் வளையும். எனவே வீட்டில் சமைத்துப் போடுவதானால் எலும்பு நீக்கிய கறி, முட்டை, சோறு, கொஞ்சம் ஈரல், வெங்காயம் சேராத காய் எல்லாம் இருக்கட்டும். கால்சியத்தின் அளவை மட்டும் குட்டியின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குட்டிகளுக்கான பாக்கெட் உணவில் அது ஏற்கெனவே இருக்கிறது, மேலே ஊற்றக் கூடாது. பாக்கெட்டின் பின்புற அட்டவணையையும் கவனித்துப் படியுங்கள். பலவற்றில் குட்டியின் இன்றைய எடையைக் கேட்பதில்லை, வளர்ந்த பிறகு இருக்கப்போகும் எடையைத்தான் கேட்கிறார்கள். அந்த அளவைத் தராசில் நிறுத்து, நான்கு மாதம் வரை நான்கு வேளையாகவும் ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும் பிரித்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து, விலாவைத் தடவி, கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

தாயை இழந்த பச்சைக் குட்டிக்கு மட்டும் பால் உண்மையாகவே உணவு. அதற்கும் நாய்க்குட்டிகளுக்கென்று தயாரித்த பால்மாவுதான் வேண்டும். உடம்பு குளிர்ந்து கிடக்கும் குட்டியை முதலில் கதகதப்பாக்க வேண்டும். குளிர்ந்த வயிறு பாலைச் செரிக்காது. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். குப்புறப் படுத்த நிலையிலேயே புகட்டுங்கள்.

தாய் உயிரோடிருக்கும் குட்டிகளையே முப்பது நாளில் பிரித்து விற்கிறார்களே, அந்த வியாபாரத்துக்குத் துணை நிற்பதும் இதே நம்பிக்கைதான். "பால் குடுங்க, போதும்" என்ற ஒரு வரியில் விற்பவரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. பல் முளைத்துவிட்டதே என்று வாயைத் திறந்து காட்டுவார்கள். பாற்பல் மூன்றாம் வாரத்திலேயே எட்டிப் பார்க்கும். பால்குடி முழுதாக மறக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். எட்டு வாரம் முடிந்த பிறகே குட்டியை வாங்குங்கள். அது அதுவரை தின்ற உணவிலும் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கி, புதிய உணவை அதோடு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக் கலந்து மாற்றுங்கள்.