கம்பம் பள்ளத்தாக்கைக் காணச் செல்லும் குடியானவர்களுக்கு

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களைச் சேர்ந்த குடியானவர்கள், அறுவடை முடிந்து சிறிது ஓய்வு கிடைத்த காலத்தில், குடும்பத்தோடும் கிராமத்தாரோடும் வண்டி அமர்த்திக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்று வருவது வழக்கமாகிவிட்டது. காலையில் சுருளி அருவியில் ஸ்நானம், நடுப்பகலில் மரத்தடியில் கட்டுச்சோறு, வழியில் ஒரு பந்தலுக்கடியில் நின்று நாலு படி திராட்சை, பிறகு குமுளி மலையேறி ஏலமும் மிளகும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்புதல். இதுவே பெரும்பாலோரின் பிரயாண விவரம். இதில் குற்றமொன்றும் இல்லை. உழைத்துக் களைத்தவர்க்கு அருவி நீரும் மலைக்காற்றும் வேண்டியவையே. ஆயினும், நிலமுடைய ஒருவர் தம் வயலுக்குப் பாயும் ஜலம் எந்த மலையைக் குடைந்து வருகிறது, யார் யார் வயலைக் கடந்து வருகிறது என்பதைக் காணாமலேயே அப்பள்ளத்தாக்கினின்றும் திரும்பிவிடுவாராயின், அவர் ஒரு கடைவீதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் சொல்வதற்கில்லை.

பள்ளத்தாக்கின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. மேற்கே கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலை; இவ்விரண்டிற்கும் நடுவே, தென்மேற்கில் கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வடகிழக்கே தேனி வரையில் நிலம் சரிந்து செல்கிறது. ஆற்றோரம் நெல், சற்று மேட்டில் வாழையும் தென்னையும், அதற்கும் மேலே திராட்சைப் பந்தல்கள், அப்பால் காடு. ஓரிடத்தில் நின்று பார்த்தாலே நீர் எட்டும் நிலம் எது, எட்டாத நிலம் எது என்பது பயிரின் நிறத்தைக்கொண்டே தெரிந்துவிடும். சித்திரக்காரர் கண்ணுக்கு அது அழகு. குடியானவர் கண்ணுக்கோ அது ஒரு பாசனக் கணக்கு.

அக்கணக்கின் மூலம் மலைக்கு அப்பால் இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பவேண்டுமென்ற எண்ணம் மிகப் பழையது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-இலேயே அதற்காக ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். செலவு மிகுதியென்று அது கைவிடப்பட்டது. 1808-இல் கால்டுவெல் என்ற இராணுவ அதிகாரி, இது ஆகாத காரியமென்று எழுதிவிட்டார். 1876-78-ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்திற்குப் பிறகே சர்க்கார் மனம் திரும்பிற்று. திருவாங்கூர் மகாராஜாவோடு 1886 அக்டோபரில் 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. மறு ஆண்டில் கர்னல் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்துக் கட்டிய அணை அது. கட்டும்போதே வெள்ளம் அதனை அடித்துச் சென்றதும், காய்ச்சலில் கூலியாட்கள் மாண்டதும் உண்டு. 1979-இல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடிவரை தேக்க இடங்கொடுத்ததும் கடைமடை வரையில் யாவரும் அறிந்ததே. அந்த ஆறு அடிக்காக எத்தனை கூட்டங்களில் பேசியவர்களும், அந்த நீர் இறங்கிவரும் வழியை ஒருமுறை நடந்து பார்த்ததில்லை என்பதுதான் வியப்பு.

அணையையே பார்த்துவிடலாம் என்ற ஆசையோடு புறப்படுதல் வீண். அது காப்புக் காட்டினுள் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வருவோர்க்கு அங்கே வழியில்லை. பார்க்கவேண்டிய இடம் மலையடிவாரத்து லோயர் கேம்ப். ஆகவே, பிரயாணத்தைச் சுருளியில் தொடங்காமல் அங்கே தொடங்குதல் நலம். மலையைக் குடைந்து ஏறக்குறைய ஒரு மைல் நீளத்திற்கு வெட்டிய சுரங்கத்தின் வழியாக வரும் ஜலம், நான்கு பெரிய இரும்புக் குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி, மின்சார நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, வைரவனாற்றில் விழுந்து முல்லையாறாக ஓடத் தொடங்குகிறது. குமுளி சாலையில் செல்வோர் இக்குழாய்களைக் கண்ணாலே காணலாம். 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபமும் அங்கேயே உள்ளது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி தைப்பொங்கலோடு ஒட்டி வருவதால், அப்பகுதிக் குடியானவர்கள் அன்று அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். கூட்டத்தை விரும்புவோர் அந்நாளில் செல்லலாம். ஆனால் பாசனத்தைக் கற்க விரும்புவோர்க்கு அது ஏற்ற காலமன்று.

ஏற்ற காலம் ஜூன், ஜூலை மாதங்களே. அணையில் போதிய நீர் உள்ள ஆண்டுகளில், பள்ளத்தாக்கின் இருபோக நிலமான 14,707 ஏக்கருக்கு ஜூன் 1-ஆம் தேதி வாக்கில் முதற்போகத்திற்கு நீர் திறந்துவிடுவது வழக்கம். அதன்பின் சில வாரங்களுக்குள் சென்றால், ஒரே நாளில் ஒருவர் உழவையும், நாற்றங்காலையும், நடவையும் கண்டுவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மலையுச்சியில் நிறுத்திவைக்கும் காட்சியும் அப்போதுதான் கிடைக்கும். மழை அப்பாலே கொட்டிக்கொண்டிருக்க, இப்பால் தூறல்மட்டும் விழும். பிறர் மலையில் பெய்யும் மழையைக்கொண்டு பயிரிடுவதென்றால் என்ன என்பதை அதைப் பார்த்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

லோயர் கேம்பிலிருந்து கீழ்நோக்கி வருகையில் ஏதேனும் ஒரு வாய்க்காலைத் தேர்ந்து, அதன் தலைமதகிலிருந்து கடைமடை வரையில் நடந்து பார்க்கவேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியக்கூடிய காரியம். பல வாய்க்கால்களை வண்டியிலிருந்தே பார்ப்பதைக் காட்டிலும் ஒன்றை நடந்து பார்ப்பது மேல். முறை எத்தனை நாளைக்கு ஒருமுறை, தூர் எடுக்கும் செலவை யார் ஏற்கிறார்கள், இரவுப் பாசனத்தில் சச்சரவு வந்தால் யார் தீர்க்கிறார்கள் என்பவற்றை அங்குள்ள நீர்பாய்ச்சியிடம் கேட்கவேண்டும். அவருக்குத் தெரிந்த அளவு காகிதத்தில் எழுதி வைத்தவர்க்கும் தெரியாது. கிராம அதிகாரிகள் இவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டால் தங்கள் ஊர்க் கண்மாய்த் தகராறுகளில் பின்னால் உதவும். கேட்கும்போது வரப்பின்மேல் நிற்கவேண்டுமேயன்றி நட்ட வயலில் இறங்கலாகாது. போட்டோ எடுக்கும்பொருட்டுச் செருப்புக் காலோடு நாற்றுக்குள் இறங்குவோர் தங்கள் ஊரில் ஓர் ஆடு வயலில் இறங்கினால் என்ன செய்வார்களென்று நினைத்துப் பார்க்கட்டும்.

வாழைத் தோட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சொட்டுநீர்க் குழாயோடு திசு வாழை பயிரிடும் முறை பல ஜில்லாக்களிலும் பரவிவிட்டது. திராட்சையைப்பற்றியோ சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது; ஏனெனில், பள்ளத்தாக்கிற்குச் சென்று வரும் மிராசுதாரர்களின் மனத்தைப் பெரிதும் மயக்குவது அதுவே.

கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் கல்தூணும் கம்பியும் கொண்டு அமைத்த பந்தல்களின் கீழே கருநீலக் குலைகள் தொங்குவதைக் காண்பவர், 'நம் நிலத்திலும் இதைப் போட்டால் என்ன?' என்று எண்ணாமலிருக்க முடியாது. பழம் தொங்கும் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதே இந்த மயக்கத்திற்குக் காரணம். கவாத்து செய்து மொட்டையாக நிற்கும் தோட்டத்தையும் அதே நாளில் பார்க்கவேண்டும். அது கடினமன்று. பள்ளத்தாக்கில் ஒருவர் தோட்டத்தில் கவாத்து நடக்கையில் அடுத்தவர் தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஆண்டு முழுவதும் பழம் கிடைப்பதன் இரகசியம் அதுதான். கவாத்திற்கும் அறுவடைக்கும் இடையே ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் அடிச்சாம்பலும் மேற்சாம்பலும் வராமல் காக்க எத்தனை முறை மருந்தடிக்கவேண்டும், தூணுக்கும் கம்பிக்கும் ஏக்கருக்கு என்ன செலவாயிற்று, பழுக்கும் தறுவாயில் மழை பெய்து தோல் வெடித்த ஆண்டில் வியாபாரி என்ன விலைக்குக் கேட்டார் என்பவற்றைத் தோட்டக்காரரிடம் பொறுமையாக விசாரித்தல் வேண்டும். இலாபம் வந்த ஆண்டைப்பற்றி அவரே சொல்லுவார். நஷ்டம் வந்த ஆண்டைப்பற்றிக் கேட்டால்தான் சொல்லுவார். பன்னீர்த் திராட்சை நெடுநாள் தாங்காது. அருகே சந்தையில்லாதவர்க்கு அது ஏற்றதன்று. களிமண் நிலமும் கடைமடை நீரும் உடைய ஒருவர் கடன் வாங்கிக் கல்தூண் நடுவதற்குமுன், ஆனைமலையன்பட்டியிலுள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் தம் மண்ணைப்பற்றிக் கேட்டறிதல் அவசியம்.

இன்னொரு பழக்கம் உண்டு; அது நல்ல குடியானவர்களிடமே அதிகம். எந்தத் தோட்டத்திற்குப் போனாலும் ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால், அக்குச்சியோடு மாவுப்பூச்சியும் நோயும் வந்து சேரும். வேரோடு பிடுங்கிய செடியாயின் வேர்முடிச்சு நூற்புழுவும் உடன்வரும். அது ஒருமுறை மண்ணில் புகுந்தால் எளிதில் போகாது. சேறு ஒட்டிய செருப்போடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்குள் போவதும் அதே தீங்கைச் செய்யும். விருந்தினர் என்ற மரியாதைக்காகத் தோட்டக்காரர் வாய் திறவாமலிருக்கலாம். அதனால் தீங்கு குறைந்துவிடுவதில்லை. மேலும், கொடியிலிருந்து நேரே பறித்துத் தின்னுதல் கூடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையோ, அதனினும் கடுமையான வேறு மருந்தோ தெளித்து எத்தனை நாளாயிற்றென்பது வருவோர்க்குத் தெரியாது. குழந்தைகள் விஷயத்தில் இதில் கவனம் இருக்கவேண்டும்.

இவ்வளவும் கண்டபிறகு சுருளிக்குச் செல்லலாம். கம்பத்திலிருந்து ஆறேழு மைல் தூரம். வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் காட்டிலாகாவினர் அருவிக்கு விடமாட்டார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. அமாவாசை நாட்களில் முன்னோர்க்குக் கடன் செய்ய அங்கே ஜனங்கள் திரளுகின்றனர். அக்கடனைக் குறைசொல்வார் யாருமில்லை. ஆனால், உடுத்த துணியை ஆற்றில் விட்டுவிட வேண்டுமென்பதும், எண்ணெய்ப் புட்டியையும் சவர்க்கார உறையையும் பாறையிடுக்கில் செருகிவிட்டு வருவதும் எந்தக் கடனைச் சேர்ந்தவை? அங்கே விடும் துணி கீழே ஒரு மதகின் பலகையில் சிக்குகிறது. அதை எடுக்க ஒருவர் கழுத்தளவு ஜலத்தில் இறங்கவேண்டியிருக்கிறது. சிக்காதது வையை அணைக்குப் போகிறது. மதுரை நகரத்தார் குடிப்பது அந்த ஜலம்தான். சுருளியில் குளித்த மேலூர்க்காரரின் வயலுக்கும் அதுவே வந்து சேருகிறது.

வேளாண்மை இலாகாவின் ஆத்மா திட்டத்தில் விவசாயிகளை அழைத்துச் செல்லும் கண்டுணர்வுப் பிரயாணங்களையும் இங்கே குறிப்பிடாமலிருக்க முடியாது. பொதுப்பணத்தில் நடக்கும் இப்பிரயாணங்களில் ஒரே நாளில் ஆறு இடங்கள் என்று திட்டம் போட்டுவிடுவதால், எல்லா இடத்திலும் இறங்கி, எண்ணிக்கை எடுத்து, ஏறுவதிலேயே பொழுது போய்விடுகிறது. இரண்டு இடங்கள் போதும்: ஒரு வாய்க்கால், ஒரு தோட்டம். மிகுந்த நேரத்தில் உள்ளூர்க் குடியானவர்களோடு உட்கார்ந்து பேசச் செய்தால், அதிகாரி ஒருவர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதைவிடப் பலன் அதிகம். பள்ளத்தாக்கின் கிராம அதிகாரிகளும் தங்கள் பங்கிற்கு, வண்டிகள் நிற்க வாய்க்கால் கரையல்லாத ஓர் இடத்தை ஒதுக்கித் தரலாம். கரை சரிந்தால் நஷ்டம் அவர்களுடைய ஆயக்கட்டிற்கே.

திரும்பும்போது சின்னமனூர் வழியாக வீரபாண்டியில் இறங்கிக் கௌமாரியம்மனைத் தரிசித்து, கோயிலையொட்டி ஓடும் ஆற்றைப் பார்த்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாக் காலத்தில் அங்கே கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களில் அமைதியான இடம். தேனிக்கு அண்மையில் முல்லையாறு வையையோடு கலந்து, 1959-இல் கட்டி முடிந்த 71 அடி வையை அணையில் தேங்குகிறது. அங்கிருந்து பேரணைக்குப் போய், இருபோக நிலம் 45,041 ஏக்கருக்கும், மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலம் 85,563 ஏக்கருக்கும் பிரிகிறது. கடைமடைக்காரர்கள் வையை அணையில் அரைமணி நேரம் இறங்கி அன்றைய நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். லோயர் கேம்பில் இறங்கிவந்த நீரின் அளவையும் இதனையும் வைத்துப் பார்த்தால், தங்கள் மதகு எப்போது திறக்கக்கூடும் என்பதை ஓரளவு கணிக்கலாம். நீண்டகால நெல்லை விதைப்பதா குறுகியகால நெல்லை விதைப்பதா என்பதை ஊர் வந்து சேருவதற்குள்ளாகவே வண்டியிலிருந்தபடி பேசி முடித்துவிடவும் கூடும்.